வட்டைப் பக்கத்துக் கதவு

மூர்த்தி பனையடித் தரிப்பிடத்தில் இறங்கி, முறைப்படி வெளியேறிவிட்டார் என்று இயந்திரம் சொன்னது. இயந்திரத்தின் சார்பில் பேசியவர் நிலோஜன் என்ற இளைஞர். ரெயில் பஸ்ஸை இப்போது நடத்துகிற கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி. மட்டக்களப்பு டவுன் பிள்ளை. பேச்சில் மரியாதை குறையவில்லை.

"அவர்ர அட்டை வெளிய போறதுக்குத் தட்டுப்பட்டிரிக்கு ஐயா. அதுக்குப் பிறகுதான் ரெயில் பஸ் வெளிக்கிட்டிரிக்கு. அப்ப அவர் எங்கட பயணி இல்ல. வெளியால போன ஒராள் திரும்பித் தண்டவாளத்துக்கு வந்திரிக்கார்."

"ஏன் வரவேணும்?" என்று திடீர் மரண விசாரணை அதிகாரி கேட்டார்.

நிலோஜன் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். "அத நான் எப்பிடி ஐயா சொல்லுற?"

வைத்தியசாலையின் பின்பக்க அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. வெளியே போன மனிதன் திரும்பி வந்து, புறப்படுகிற வண்டியின் சக்கரத்துக்குக் கீழே எதற்காகப் போவான்? பொலிஸ்காரர் பேனையை மூடினார். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மூர்த்தியின் மனைவி கண்ணகை மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஒரு தகடு மட்டும் வேறு நிறம். சுற்றும்போது அந்த நிறம் தெரியவில்லை. தெரியவில்லை என்றாலும் அது அங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் வந்து உட்கார்ந்தபோது மின்சாரம் இருக்கவில்லை.

"தங்கச்சி, நீங்க ஏதும் செல்லப் போறீங்களா?" என்று அதிகாரி அவளிடம் வாக்குமூலம் கேட்டார்.

"இல்ல ஐயா."

"யோசிச்சுச் செல்லுங்க. ரெண்டு மூண்டு நாளில நான் எழுத வேணும். மறுகா மாத்துறது கஷ்டம்."

"இல்ல ஐயா," என்றாள் மறுபடியும். அவளுடைய வலக்கை மடியில் இருந்தது. அந்த அட்டையைத் தட்டியது அந்தக் கைதான்.

*

ரெயில் பஸ் என்பது பழைய பஸ் ஒன்றின் உடலைத் தண்டவாளச் சக்கரங்களில் ஏற்றியது போன்ற வண்டி. திணைக்களம் ஓட்டிய காலத்தில் அதில் நஸீர் என்ற ஏறாவூர்க்காரர் கார்டாக இருந்தார். மட்டை ரிக்கற்றில் ஓட்டை போடுவதும் அவர்தான், கொடி காட்டுவதும் அவர்தான். பனையடியில் மேடை ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தில் ரோட்டு, அதற்கு அப்பால் வாவி. மற்றப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வட்டை என்று சொல்லும் அந்த வயல்வெளிக்கு நடுவிலும் அதைத் தாண்டியும் வீடுகள் இருந்தன. மேடைப் பக்கம் இறங்கினால் ரெயில் கடவை வரை போய், சுற்றி, பெரிய வாய்க்கால் கட்டால் வரவேண்டும். மற்றப் பக்கத்துக் கதவால் தண்டவாளச் சல்லிக் கல்லில் குதித்தால் நேரே வரம்பு. ஆகவே வட்டைக்காரர் எல்லோரும் அந்தக் கதவால்தான் குதித்தார்கள். நஸீர் ஏசுவார். ஏசிவிட்டு, அந்தக் கதவால் தலையை நீட்டிக் கடைசி ஆள் வரம்பில் ஏறும்வரை பார்த்திருந்துதான் பச்சைக் கொடியை எடுப்பார்.

கம்பனி வந்தபோது வண்டிக்கு நீலமும் வெள்ளையும் பூசினார்கள். இருக்கைகளுக்கு உறை வந்தது. நஸீர் வேறு பாதைக்குப் போனார். கொடி காட்ட ஆள் இல்லை, ரிக்கற் இல்லை. எல்லோருக்கும் அட்டை. ஏறும்போது ஒரு தரம் தட்டவேண்டும், இறங்கியபின் ஒரு தரம். இறங்கியபின் தட்டாவிட்டால் வண்டி கடைசியாகப் போய் நிற்கும் இடம்வரை நீ பயணம் செய்கிறாய் என்று கணக்கு. சாரதிக்கு மேடைப் பக்கத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. வட்டைப் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்துக் கதவைப் பாவிப்பதில்லை என்று கம்பனி தன் கடதாசிகளில் எழுதியிருந்தது. கதவு ஒரு நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. வட்டைக்காரர் அதை அவிழ்த்துவிட்டுக் குதித்தார்கள்.

பனையடிக்கு ஒரே ஒரு இயந்திரம். மேடையின் கூரைக்குக் கீழே, கண்ணகை இருந்து கச்சான் கடலை விற்கிற வாங்கிலுக்குப் பக்கத்தில் அதைப் பூட்டினார்கள். முதல் கிழமையே மூர்த்தி யன்னலால் கையை நீட்டி அட்டையை அவளிடம் கொடுத்தார். "இத ஒருக்காத் தட்டிவிடு புள்ள. நான் அங்கால இறங்குறன்." அடுத்த நாள் வங்கியில் வேலை பார்க்கிற மதுஷன் நீட்டினான். அவனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற புஸ்பம். ஒரு மாதத்துக்குள் ரெயில் பஸ் வந்து நின்றதும் மேடைப் பக்கத்து யன்னல்களால் கைகள் வெளியே வரும். கண்ணகை எழும்பி வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டி, ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் போடுவாள். கைகளுக்குரியவர்கள் மற்றப் பக்கத்தால் குதித்து வரம்பில் போய்க்கொண்டிருப்பார்கள். விடிய வந்து தங்கள் தங்கள் அட்டையைப் பேணியிலிருந்து எடுத்துப் போவார்கள். ரோட்டுப் பக்கம் நெல் ஸ்டோர் வைத்திருந்த பதியுதீன் காக்கா மேடையால் இறங்குகிறவர்தான். ஆனால் இரண்டு கையிலும் மாதிரிக்கு எடுத்த நெல்லுப் பைகள் இருக்கும் என்பதால் அவரும் அவளிடமே கொடுத்தார்.

இதில் யாருக்கும் களவு செய்கிற எண்ணம் இல்லை. எல்லோரும் போன தூரத்துக்குக் கொடுத்தார்கள். வசதிக்குச் செய்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மூர்த்தி நீட்டிய அட்டை சூடாக இருந்தது, சேட்டுப் பையில் கிடந்த சூடு. "இறால்காரன் வந்தா கொஞ்சம் வாங்கு," என்றார். "இண்டைக்குத் தண்ணி முறை நமக்கு. வயலுக்குத் திருப்பிப் போட்டு வாறன்." அவள் தட்டினாள். இயந்திரம் கீச்சென்றது. இன்னும் சிலருடைய அட்டைகளைத் தட்டினாள். ரெயில் பஸ் நகர்ந்தது. பிறகு வட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆட்கள் கத்திய சத்தம் அதற்குப் பிறகுதான். சல்லி சறுக்கியதா, உடுத்திருந்த சாரம் எங்காவது கொழுவியதா, குதித்தவர்கள் எல்லோரும் வரம்பைப் பார்த்தே குதித்ததால் ஒருவரும் காணவில்லை.

*

ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது புஸ்பம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணகைக்குத் தன் கை யாருடையதோ போல இருந்தது.

வீட்டில் விதுர்ஷா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. தகப்பனின் கதிரையை யாரோ சுவரோடு திருப்பி வைத்திருந்தார்கள். அவள் அதைத் திருப்பவுமில்லை, அதில் இருக்கவுமில்லை.

"என்னம்மா செல்லினவங்க?"

"எழுதப் போறாங்களாம்."

"என்னெண்டு?"

கண்ணகை செருப்பைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்ற மறந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்தில கதைக்கிறாங்கம்மா," என்றாள் விதுர்ஷா. அவளுடைய குரல் பாடம் ஒப்புவிக்கிற குரலாக இருந்தது. "அப்பா இறங்கிப் போய் மறுகாத் திரும்பி வந்தவராம். மிசினில இரிக்காம். ஏன்மா அப்பிடிச் செஞ்சவர்? நம்மளோட கோவமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தேடியபோது அது கிடைக்கவில்லை. அறைக்குள் அத்தனை பேருக்கு முன்னால், அத்தனை அமைதியாக ஒருவர் சொன்ன விசயம். அதற்கு எதிரில் அவளுடைய ஞாபகம் கலங்கிய தண்ணீர் போல இருந்தது. உண்மையிலேயே அவர் யன்னலால் அட்டையை நீட்டினாரா, அது முந்திய நாளா? அவர் இறங்கி, மேடையால் நடந்து, தானே தட்டிப் போனதை அவள் கச்சான் சுற்றிக்கொடுத்த நேரத்தில் காணாமல் விட்டாளா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், மூர்த்தி அவளோடும் பிள்ளையோடும் கோபித்துக்கொண்டுதான் போனாரோ என்று அவளே நினைத்தாள்.

அடுப்படிக்குப் போனாள். பால்மாப் பேணி சுவர்த் தட்டில் இருந்தது. செத்த வீட்டுக்கு அடுத்த நாள் புஸ்பம் வந்து ஆட்களுடைய அட்டைகளையெல்லாம் எடுத்துப் போய்க் கொடுத்திருந்தாள். கண்ணகை மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு அட்டை கிடந்தது. மூலையில் சீமெந்துக் கறை. மூர்த்தி டவுனில் மேசன் வேலை செய்தவர்.

அட்டை இங்கே இருக்கிறது என்றால் அவர் அதைத் திரும்ப வாங்கவில்லை. அவர் வாங்கவில்லை என்றால் அவர் மேடைக்கு வரவில்லை. அவள் இதை மெதுவாக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல, இரண்டு தரம் தனக்குச் சொன்னாள்.

*

"உனக்கென்ன விசரா கா?" என்றாள் புஸ்பம், கண்ணகை செய்ய நினைத்ததைக் கேட்டதும்.

வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கதைத்தார்கள். செத்த வீட்டுத் துடக்கு என்பதால் புஸ்பம் உள்ளே வரவில்லை என்றில்லை. அவள் ஆஸ்பத்திரி உடுப்போடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"நீ போய் நான்தான் தட்டினன் எண்டு செல்லுவாய். ஆருக்குத் தட்டின எண்டு கேப்பானுகள். மறுகா எங்கட அட்ட எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவானுகள். ஒராள்ர அட்டைய இன்னொராள் தட்டப்படாதெண்டு சும்மாவா போர்ட் எழுதி வெச்சிரிக்கான்? விடியச்சாமம் எனக்கு ஆர் கா பஸ் விடுற?"

"ம்."

"உன்னையும் அந்த வாங்கிலுக்குக் கிட்ட இரிக்க உடமாட்டானுகள்."

"ம்."

"ம் ம் எண்டாத. அந்த மனிசன் திரும்பி வரப்போறாரா?"

"இல்ல."

"மறுகா?"

"விதுர்ஷா கேக்கிறாள்," என்றாள் கண்ணகை. "அப்பாக்கு நம்மளோட கோவமா எண்டு."

புஸ்பம் வேலிக் கம்பியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை நுள்ளினாள். பிறகு சம்பந்தமில்லாமல், "அந்த இறால நான்தான் எறிஞ்சன் கா," என்றாள். "வாங்கிலுக்கு மேல ஆணியில கொழுவி இரிந்த. ரெண்டு நாளாக் கிடந்து மணத்துப் போச்சு. உனக்கிட்ட எப்பிடிச் செல்லுறதெண்டு இரிந்தன்."

இறால் வாங்கியது கண்ணகைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாங்கியிருக்கிறாள். ரெயில் பஸ் வருவதற்கு முந்தியே இறால்காரன் வந்து போய்விட்டான், அவள் தானாகவே வாங்கி ஆணியில் கொழுவியிருந்தாள், மூர்த்தி கேட்டபோது பையைத் தூக்கிக் காட்டினாள். அவர் சிரித்தார். பிறகுதான் மற்றப் பக்கக் கதவுக்குப் போனார்.

சிரித்தவர்.

அவள் அதைப் புஸ்பத்திடம் சொல்லவில்லை. போய்ச் சீலை மாற்றினாள்.

*

மரண விசாரணை அதிகாரி சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்தார். துடக்கோடு வந்து வாசலில் நின்ற பெண்ணைக் கண்டதும், கடைக்குள் நின்ற இரண்டு பேர் விலகி வழிவிட்டார்கள். கண்ணகை பேணியைக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"அட்டைய நான்தான் தட்டினன் ஐயா. அவர் யன்னலால தந்தவர். எல்லாரும் அப்பிடித்தான் தாற."

அவர் பேணிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நிலோஜனுக்கு அழைப்பெடுத்து, தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"நான் குறை நினைச்சுச் சொல்லயில்ல ஐயா," என்றது நிலோஜனின் குரல். "ஆனா ஒரு மனிசி அப்பிடித்தானே சொல்லும்? ஆஸ்பத்திரியில குடுத்த சாமான்களோட அட்டையும் வீட்ட போயிரிக்கலாம். எல்லாரும் குடுக்கிறதெண்டா, குடுத்த ஒராளை வந்து சொல்லச் சொல்லுங்க."

"வருவாங்களா தங்கச்சி?"

கண்ணகை யோசித்தாள். மதுஷன் ஊரிலே முதல் ஆளாக வங்கியில் வேலைக்குச் சேர்ந்தவன். புஸ்பத்துக்கு விடியற்காலை. "வரமாட்டாங்க ஐயா," என்றாள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். "தம்பி, நாளைக்குப் பின்னேரம் நான் ஸ்டேசனுக்கு வாறன். நீங்களும் வாங்க. எழுத முந்தி அந்த இடத்த ஒருக்காப் பாக்கத்தானே வேணும்." தொலைபேசியை அணைத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "நீங்க நெடுக இரிக்கிற இடத்தில இரிங்க. ஆரிட்டயும் ஒண்டும் கேக்காதீங்க."

*

கேட்கத் தேவை இருக்கவில்லை. மருந்துக்கடையில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் மதுஷனின் மாமா. பொழுது படுமுன் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் கண்ணகை கச்சான் கூடையில்லாமல் வாங்கிலில் இருந்தாள். மடியில் பேணி. அதிகாரி கூரைத் தூணோடு நின்றார். நிலோஜன் இயந்திரத்துக்கு மற்றப் பக்கம், கையில் குடையோடு. மழை வருகிற அறிகுறி எதுவும் இல்லை. வெயிலுக்குக் கொண்டு வந்திருப்பார். வாவிப் பக்கமிருந்து சூடான காற்று அடித்தது.

ரெயில் பஸ் வந்து நின்றது. யன்னல்களால் ஒரு கையும் வெளியே வரவில்லை.

வட்டைப் பக்கத்துக் கதவில் இப்போது கயிறு இல்லை. மூர்த்தி செத்த மூன்றாம் நாளே இரும்புப் பூட்டு போட்டுவிட்டார்கள். எல்லோரும் மேடையால் இறங்கினார்கள். இறங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றார்கள். பனையடியில் வரிசை என்ற ஒன்றை யாரும் அதுவரை கண்டதில்லை. ஒருவரும் கண்ணகையைப் பார்க்கவில்லை. மதுஷன் முதல் ஆளாக வந்து அட்டையை இயந்திரத்தில் வைத்தான். கீச். ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களைப் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டான். அடுத்தது ஒரு ரீச்சர். கீச். அவருக்குப் பின்னால் ஒரு கிழவர். கீச்.

நிலோஜன் அதிகாரியைப் பார்த்தார். வெற்றி பெற்றவருடைய பார்வை என்று சொல்லமுடியாது. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்கிற பார்வை.

கண்ணகைக்கு எதுவும் தோன்றவில்லை. அவர்கள் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், அதுவும் வரவில்லை. வரிசை நகர்ந்தது. செருப்புகள் தெரிந்தன.

பதியுதீன் காக்கா வழக்கம் போலக் பின்கதவுப் படியால் மூச்சிரைக்க இறங்கி வந்தார். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இறுக்கி, யாரோடோ ஈரப்பதம் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பைகள். "நான் செல்லுறதக் கேளு வாப்பா, அந்த நெல்லு இன்னும் காயயில்ல," என்று சொல்லிக்கொண்டே, வரிசையையும் கவனிக்காமல் வாங்கிலுக்கு வந்து, பைப்பிடியோடு சேர்த்து இரண்டு விரலுக்கு நடுவே பிடித்திருந்த அட்டையைக் கண்ணகைக்கு நேரே நீட்டினார்.

அவளுடைய கை போய் அதை வாங்கியது. இயந்திரத்தில் வைத்தது. கீச். பேணிக்குள் போட்டது.

"காயட்டும், பாப்பம்," என்று தொலைபேசிக்குச் சொல்லிவிட்டு பதியுதீன் காக்கா போய்விட்டார்.

பேணியில் அட்டை விழுந்த சத்தம் சின்னச் சத்தம்தான். ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு அது ஒவ்வொரு பின்னேரமும் கேட்டுப் பழகிய சத்தம். புஸ்பம் முன்னால் நின்ற பெண்ணோடு ஏதோ கதைத்தபடி வந்தாள். கதையை நிறுத்தாமலே அட்டையை நீட்டினாள். கண்ணகை வாங்கித் தட்டிப் போட்டாள். அடுத்த கை நீண்டது. அதற்கடுத்த கை. இயந்திரம் ஒரு அடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் கைகள் வாங்கிலுக்கே வந்தன. பேணி நிறைகிற ஓசையில் யாருக்கும் எதுவும் பிழையாகத் தெரியவில்லை. புஸ்பம் நாலு எட்டு நடந்த பிறகுதான் நின்றாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள். "அட்டையக் குடுத்திட்டன் கா!"

வரிசை அப்படியே நின்றது. மதுஷன் தலையில் கை வைத்தான். "எத்தின பேருக்குடா செல்லினனான்!" என்றான். யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்தினார்கள்.

அதிகாரி வந்து பேணிக்குள் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் இப்பிடியா?"

புஸ்பம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஓம் ஐயா," என்றாள். "மூர்த்தி அண்ணன்தான் தொடக்கிவெச்ச. அண்டைக்கும் அவர் எனக்கு முன்னால நிண்டுதான் நீட்டின. மறுகா ரெண்டு பேரும் அங்கால கதவுக்குப் போன. நான் முதல்ல குதிச்சன்." இப்போது கண்ணகையைத் திரும்பிப் பார்த்தாள். "நான் திரும்பிப் பாக்கயில்ல. ஆரும் பாக்கிறயில்ல ஐயா. நஸீர் காக்கா இரிந்தா அவர் பாப்பார்."

நிலோஜன் குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். வண்டியின் மற்றப் பக்கத்துக்குப் போய், அங்கே கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து, "நான் இதை ரிப்போட்டில எழுதத்தான் வேணும் ஐயா," என்றார். "எல்லாத்தையும்."

"எழுதுங்க தம்பி. நானும் விபத்தெண்டுதான் எழுதப் போறன்."

*

எல்லாம் எழுதப்பட்டது. அடுத்த கிழமை பனையடியில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். அட்டைக்குரியவரே தட்டவேண்டும், முகத்தைப் பார்த்துத்தான் விடுவார். மேடையில் விற்பனைக்கு இடமில்லை என்று பலகை வந்தது. வட்டைக்காரர் கடவையால் சுற்றி நடந்தார்கள். புஸ்பத்தின் அட்டையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அவள் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணகையைக் கண்டால் கதைத்தாள். முந்தியதைவிடக் குறைவாக.

அது பிறகு நடந்தது. அன்று பின்னேரம் கண்ணகை அட்டைகளை அவரவரிடம் கொடுத்துவிட்டு, அடியில் மிஞ்சிய ஒன்றோடு பேணியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விதுர்ஷா முற்றத்தில் நின்றாள். செய்தி அவளுக்கு முந்தியே வந்திருக்க வேண்டும். முகத்தில் கேள்வி மாறியிருந்தது.

"அம்மா. அப்பா கடைசியா என்ன செல்லினவர்?"

"இறால் வாங்கச் செல்லினவர்," என்றாள் கண்ணகை. "நான் வாங்கி வெச்சிரிந்தன். பையத் தூக்கிக் காட்டினன். சிரிச்சவர்."

"சிரிச்சவரா?"

"ஓம் மனே. பல்லுத் தெரிய."

விதுர்ஷா சுவரோடு திருப்பியிருந்த கதிரையைத் திருப்பினாள். அதில் இருந்து, முழங்காலில் முகத்தை வைத்து, செத்த வீட்டன்றுகூட அழாத அழுகையை அழுதாள். கண்ணகை பக்கத்தில் நின்று அவளுடைய தலையில் கை வைத்தாள். தனக்கும் அழுகை வரும் என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தாள். பிறகு பேணியைத் தட்டில் வைத்துவிட்டு, சோற்றுக்கு அரிசி களையப் போனாள்.